பெயரும் இடமும்

பெயர்ச்சொற்களை ஆறாக வகுத்த நன்னூலார், பொருட்பெயரையும் இடப்பெயரையும் வேறு வேறாக நிறுத்தினார். ஒருவர் யார் என்பது ஒன்று. எங்கே இருக்கிறார் என்பது மற்றொன்று. பள்ளி மாணவரும் அறிந்த இவ்வேறுபாட்டைக் கணினி வலையமைப்பில் செயற்படுத்த அறிவியலார் நெடுங்காலம் முயல வேண்டியதாயிற்று.

தோட்டமே முகவரி

ஜொகூர் மாநிலத்தில், 1909இல் திறக்கப்பெற்ற இருப்புப்பாதையை ஒட்டிய சிற்றூர் லாயாங் லாயாங். மலாய் மொழியில் இச்சொல் காற்றாடியையும் தகைவிலான் குருவியையும் குறிக்கும். ரப்பரும் செம்பனையும் விளையும் இத்தகைய வட்டாரங்களில் தோட்டத்தின் பெயரே தொழிலாளியின் முகவரியாக இருந்தது. 1950களிலும் 1960களிலும் மலாயாவில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு அம்முகவரியும் போயிற்று. அந்நிலையை எதிர்கொள்ளவே 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இடம் பெயர்ந்தவரை எவ்வாறு கண்டறிவது என்னும் வினா, இன்று அதே வட்டாரத்தில் வேறு வடிவில் எழுந்துள்ளது. லாயாங் லாயாங்கிற்குத் தெற்கே, கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் தரவு மையங்கள் தோன்றியுள்ளன. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய மையங்களுக்கு இசைவளிப்பதை நிறுத்தி வைத்திருந்தமை ஜொகூரின் இவ்வளர்ச்சிக்கு ஒரு காரணமாகும்.

இடம் பெயரும் கணினி

இம்மையங்களில் ஒரே பொறி, மென்பொருளின் துணையால், பல தனிக் கணினிகளாக இயங்கும். இவையே மெய்நிகர் கணினிகள். 1960களில் ஐபிஎம் நிறுவனம் ஆய்ந்த இம்முறை 1972இல் வணிகப் பொருளாக வெளிவந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை ஒரு பொறியினின்று மற்றொரு பொறிக்கு மாற்றவும் இயலும். 2005இல் வெளியான ஆய்வொன்றில், அவ்வாறு மாற்றுகையில் பணி தடைப்பட்ட நேரம் 60 மில்லி விநாடி அளவுக்குக் குறைந்தது.

இடர்ப்பாடு இதன் பின்னரே தொடங்குகிறது. இணைய முகவரி, கணினியின் பெயராகவும் இடமாகவும் ஒருங்கே பயன்படுகிறது. இடம் மாறியதும் முகவரியை மாற்றினால் நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அறுந்துவிடும். மாற்றாவிடில் செய்தி பழைய இடத்திற்கே செல்லும். 1982இல் வகுக்கப்பட்ட முறைப்படி, “இம்முகவரிக்குரியவர் யார்?” என்று வலை முழுவதும் கேட்டறியலாம். லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூவுவது போன்றது இது. நூறு வீடுகளுக்கு அது போதும். பல்லாயிரம் பொறிகளுக்குப் போதாது.

2009இல் இரு தீர்வுகள் வெளிவந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர் ‘போர்ட்லேண்ட்’ என்பதனை அமைத்தனர். இருப்பிடத்தைக் காட்டும் துணை முகவரி ஒன்றை ஒவ்வொரு கணினிக்கும் அளித்து, நடுவண் பதிவேட்டில் குறிப்பது அதன் வழி. மைக்ரோசாப்ட் ஆய்வாளரின் ‘விஎல்2’, பெயர் முகவரியையும் இட முகவரியையும் முற்றிலும் பிரித்தது. கணினி எங்குச் சென்றாலும் பெயர் மாறாது. பதிவேட்டில் இடம் மட்டுமே மாறும்.

பல வழிகள்

போக்குவரத்து நெரிசலுக்கும் வழி காணப்பட்டது. ஒற்றைத் தட இருப்புப்பாதையில் எதிர்வண்டி கடக்கும்வரை காத்திருத்தலே முறை. தரவு மையத்திலோ இரு பொறிகளுக்கிடையே சம தகுதியுள்ள பல வழிகள் உண்டு. 1953இல் பெல் ஆய்வகத்தின் சார்லஸ் குளோஸ் தொலைபேசி இணைப்பகத்திற்கென வகுத்த அமைப்பே இதற்கு மூலம். ‘விஎல்2’ ஒவ்வொரு உரையாடலையும் குருட்டாம்போக்கில் தேர்ந்த ஓர் இடைநிலை வழியாக அனுப்புகிறது. அதனால் சுமை பரவுகிறது. ஓர் உரையாடல் ஒரே வழியில் செல்வதால் செய்திகளின் வரிசையும் குலைவதில்லை.

பெயரைக் காத்தவை

பொறிகளுக்கு அறிஞர் வைத்த பதிவேடு, தோட்டம் விட்டுச் சிதறிய குடும்பங்களுக்கு வாய்க்கவில்லை. எனினும் ஒன்று நிலைத்தது. மலேசியாவில் தோட்டத்தினின்று நகர்ப்புறத்திற்கு மாறிய தமிழ்ப்பள்ளிகள் பல, இன்றும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. இடம் மாறியும் பெயர் மாறாததால், பிரிந்தவர் ஒருவரையொருவர் இனங்காண அதுவே அடையாளமாகிறது. பள்ளிப் பெயர்ப்பலகையில் உள்ள ‘தோட்டம்’ என்னும் சொல்லை, காலங்கடந்தது எனக் கருதி நீக்க முற்படுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.