நம்பிய முகத்தை ஐயுறுதல்: குற்றக்கதைப் படங்களும் புதுக்கோட்டை நடிகர் இருவரும்

தமிழ்க் குற்றக்கதைப் படங்களின் வரலாற்றைச் சென்னை ஸ்டுடியோக்களிலிருந்து தொடங்குவதே வழக்கம் என்றாலும், ஒரே ஆள் வெவ்வேறு முகங்களாகத் தோன்றிப் பார்ப்பவரை ஏமாற்றும் கலையில் தத்தம் காலத்தில் முத்திரை பதித்த பி. யு. சின்னப்பா, ஜெமினி கணேசன் ஆகிய இருவரும் பிறந்த புதுக்கோட்டையிலிருந்து அதைத் தொடங்குவதற்கும் நியாயம் உண்டு. குற்றக்கதைப் படம் என்பது குற்றத்தையும் குற்றம் செய்தவரின் மனத்தையும் மையமாகக் கொண்டது. துப்பறியும் படம் குற்றவாளி யார் என்ற கேள்வியை இறுதிவரை காத்து நிற்பது. திகில் படமோ அடுத்து என்ன நேருமோ என்ற அச்சத்தை வளர்ப்பது. தமிழில் இம்மூன்றும் பெரும்பாலும் கலந்தே வந்தன. அக்கலவையில் நிலைத்த படங்கள், குற்றவாளியை நன்றாக ஒளித்துவைத்தவை அல்ல, பார்வையாளர் நம்பிய முகத்தையே ஐயப்பட வைத்தவை.

சமஸ்தானத்துப் புதுக்கோட்டையில் 1916இல் பிறந்து, பாய்ஸ் கம்பெனி நாடக மேடையில் வளர்ந்த சின்னப்பா, 1940இல் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திர'னில் நல்லவனும் தீயவனுமான இரட்டையராக நடித்தார். அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவிய அப்படம் அரசகுலக் கதையே தவிரக் குற்றக்கதை அன்று. ஆயினும் ஆள்மாறாட்டம் என்ற கருவைத் தமிழ்த் திரை கையாளக் கற்றது அதில்தான். அக்காலத்து இரட்டை வேடக் காட்சிக்குக் கேமராவை இம்மியும் அசைக்காமல், லென்சின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, அதே பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் படம்பிடிப்பார்கள். எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தை நோக்கிப் பேசி, பதில் வரும் நேரத்தையும் மனத்தில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பு நடிகருடையது. இரு முகங்களுக்கும் வேறுபாடு காட்ட வேண்டியது ஒப்பனை மட்டும் அன்று, குரலும் நடையும்கூட என்பதைச் சின்னப்பா உணர்ந்து நடித்தார்.

வீணைக் கலைஞருமான எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1954 ஏப்ரலில் வெளியான 'அந்த நாள்' இவ்வகையின் முதல் பெருஞ்சாதனை. பாட்டும் நடனமும் இல்லாத அப்படம், 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசியதை ஒட்டிய நாளில் வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு விழுவதில் தொடங்கி, அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் அதே கொலையை வேறு விதமாக நிகழ்த்திக் காட்டுகிறது. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். நாட்டைக் காட்டிக்கொடுத்த அப்பொறியாளனாகச் சிவாஜி கணேசனையும், அவனுக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தும் மனைவியாகப் பண்டரிபாயையும் நிறுத்திய துணிவு பெரிது. அன்று அது வணிக வெற்றி பெறவில்லை. பாட்டில்லாப் படத்துக்கு மக்கள் பழகியிருக்கவில்லை என்பதே காரணம், படத்தின் குறை அன்று.

அதே பாலசந்தர் அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவி எடுத்து 1970இல் வெளியான 'நடு இரவில்', ஒதுங்கிய மாளிகையில் உறவினர் ஒவ்வொருவராகச் சாகும் கதை. அதன் இருளும் மௌனமும் சிறப்பானவை, மாந்தர்களோ சாவதற்காகவே வரவழைக்கப்பட்டவர்கள் போல மெலிந்தவர்கள். ஏ. சி. திருலோகசந்தரின் 'அதே கண்கள்' (1967) அச்சமூட்டும் இடங்களில் வெற்றி பெற்றும், நகைச்சுவையும் பாட்டும் குறுக்கிட்ட இடங்களிலெல்லாம் தானே கட்டிய பதற்றத்தைத் தளர விட்டுவிட்டது.

சிவாஜி கணேசன் தம் சொந்த நிறுவனத்தில் தயாரிக்க, தாதா மிராசி இயக்கிய 'புதிய பறவை' (1964), வங்கப் படமொன்றைத் தழுவியது எனினும், கதாநாயகனே குற்றவாளி என்ற அதிர்ச்சியைத் தமிழ்ப் பார்வையாளர் மறக்க முடியாதபடி தந்தது. நாயகன் கோபால் தன் மனைவியை அறைந்ததில் அவள் இறந்துவிட, உடலை ரயில் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையாகக் காட்டினான் என்ற உண்மை, அவன் வாயாலேயே வெளிவரும் இடம் நடிப்பின் உச்சம். ஆயினும் காதலியாக நடித்துப் பழகியவள் காவல்துறையைச் சேர்ந்தவள் என்னும்போது ஒரு சட்டக் கேள்வி எழுகிறது: அன்று நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க இடம் தரவில்லை. உணர்ச்சியில் முழுமை பெற்ற அம்முடிவு நீதிமன்றத்தில் எவ்வளவு நின்றிருக்கும் என்பது ஐயத்துக்குரியது.

அந்த நீதிமன்றத்தையே களமாக்கியது, ஜெமினி கணேசன் தாமே தயாரித்து நடிக்க, கே. பாலசந்தர் இயக்கிய 'நான் அவனில்லை' (1974). 1920இல் புதுக்கோட்டையில் பிறந்தவரும், மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் உறவினருமான ஜெமினி, இருபதாண்டுக்கு மேல் 'காதல் மன்னன்' என்ற பட்டத்தோடு பெண்களின் அன்புக்குரிய நாயகனாகவே வாழ்ந்தவர். ஐம்பது வயதைக் கடந்த பின், அந்த அன்பையே முதலாக்கிப் பல பெண்களை மணந்து ஏமாற்றுபவனாக ஒன்பது தோற்றங்களில் வந்தார். ஆச்சார்ய அத்ரே எழுதி, பிரபாகர் பணசீகர் நடிப்பில் சுழல்மேடையில் நிகழ்ந்த மராத்தி நாடகமே மூலம். ஒவ்வொரு பெண்ணும் கூண்டில் ஏறி அடையாளம் காட்டுவதும், ஒவ்வொரு முறையும் குற்றவாளி தான் அவனில்லை என்று அமைதியாக மறுப்பதும்தான் கதையின் கட்டு. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆள்மாறாட்ட மோசடிக்கு 419ஆம் பிரிவும், இருதார மணத்துக்கு 494ஆம் பிரிவும் இருந்தும், ஒருவன் இன்னான்தான் என்று நிறுவ முடியாவிட்டால் அவை யாவும் வெறும் எழுத்தாகிவிடும் என்பதை இப்படம் வழக்கின் போக்கிலேயே புலப்படுத்துகிறது. காதல் காட்சிகளில் பழகிய அதே மென்மையான குரலில் ஜெமினி மறுக்கும்போது, அக்குரலை நம்பிய அரங்கத்துப் பார்வையாளரும் ஏமாந்தவர் வரிசையில் சேர்ந்துவிடுகிறார். இதை வேறொரு நடிகர் செய்திருக்க இயலாது. அவ்வாண்டின் ஃபிலிம்பேர் சிறந்த நடிகர் விருது தகுதியான இடத்தையே அடைந்தது. சில தோற்றங்களில் ஒப்பனை துருத்தி நிற்பதும், வாதங்கள் நீண்டுபோவதும் குறைகள்தாம்.

மாவட்டத்தின் பெயரையே தாங்கி 2004 பொங்கலுக்கு வந்த 'புதுக்கோட்டையிலிருந்து சரவணன்' (எஸ். எஸ். ஸ்டான்லி இயக்கம், தனுஷ் நடிப்பு), சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன இளைஞன் அங்கே குற்றக் கும்பலின் பகையில் சிக்கித் தப்பி ஓடுவதைச் சொன்னது. ஏஜெண்டுக்குக் கட்ட நிலத்தை அடகு வைத்து விமானம் ஏறுபவனின் அச்சமே ஒரு திகில் கதைக்குப் போதும். படமோ அதைத் தொட்டும் தொடாமலும் துரத்தலுக்குள் ஓடிவிட்டதால், புதுக்கோட்டை தலைப்போடு நின்றுபோயிற்று.

2007இல் செல்வா இயக்கத்தில் ஜீவன் நடிக்க 'நான் அவனில்லை' மீண்டும் எடுக்கப்பட்டு, 2009இல் இரண்டாம் பாகமும் கண்டது. புதிய படத்தின் வேகம் பழைய படத்துக்கு இல்லை; ஆனால் நாயகனின் மீது முன்பே ஊறிய நம்பிக்கை எதுவும் பார்வையாளரிடம் இல்லாததால், அங்கே ஏமாறுபவர்கள் திரையில் வரும் பெண்கள் மட்டுமே.