பிள்ளை வளர்க்க அந்தக் காலத்துல செலவே இல்லையா?

தாளடி நடவு முடிஞ்சு கொஞ்சம் கை ஓய்ஞ்சிருக்கு. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம் ஒண்ணு.

பட்டணத்துல இருக்கிற சொந்தபந்தம் ஊருக்கு வந்தா, திண்ணைப் பேச்சுல எப்படியும் இது வந்துடும். "அந்தக் காலத்துல எட்டுப் புள்ள பெத்தாங்க, காசு செலவே இல்ல. இப்ப ஒண்ணப் பெத்துட்டு மாசத் தவணை கட்டுறோம்." கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கும். பாதி உண்மையும்கூட. காசு செலவாகலை, அது சரி. ஆனா செலவே ஆகலையா?

பொறந்த பிள்ளைக்கு வேண்டியது என்னென்ன? பிரசவம் பார்க்க ஒரு ஆள். கொடி அறுக்க ஒரு கருவி. சுத்தித் துடைக்கத் துணி. தாய்ப்பால், அது ஊறுறதுக்குத் தாய்க்குச் சாப்பாடு. படுக்க ஒரு இடம். கொஞ்ச நாளைக்காவது பிள்ளையை விட்டு எந்திரிக்காத ஒரு அம்மா. நூறு வருஷத்துக்கு முன்னாடியும் இதுதான் பட்டியல், இன்னைக்கும் இதுதான். இதுக்கெல்லாம் யாரு கைப்பிடிச்சுக் கொடுக்குறாங்கங்கிறதுதான் மாறியிருக்கு.

முதல்ல மருத்துவச்சி. பெரும்பாலும் முடிதிருத்துற குடும்பத்துப் பொம்பளைங்கதான் இந்த வேலையைப் பார்த்தாங்க. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வரணும். அதுக்குத் தனியா சம்பளம்னு பெருசா கிடையாது. அறுவடைக் களத்துல நெல்லு அளக்கும்போது நாவிதர், வண்ணார், தச்சர், கொல்லர், குயவர்னு ஆளுக்கு இத்தனை மரக்கால்னு ஒதுக்குவாங்க. இதுக்குப் பேரு 'சுதந்திரம்'. 1767-லேர்ந்து 1774 வரைக்கும் செங்கல்பட்டுப் பகுதி கிராமங்கள்ல கும்பினிக்காரங்க எடுத்த கணக்குல இந்த மாதிரிப் பங்குகள் ஊர் ஊராப் பதிவாகியிருக்கு. பிரசவம் ஆன வீட்டுல இது போக கொஞ்சம் அரிசி, வெத்தலை பாக்கு, ஒரு பழைய புடவை கிடைக்கும். அந்த வீட்டுத் தீட்டுத் துணியை வெளுக்குறது வண்ணார் வீட்டுப் பொம்பளை வேலை. அவங்களுக்கும் களத்து நெல்லும் ராச்சோறும்தான். ஆக, நம்ம தாத்தா வீட்டுல பிரசவம் செலவில்லாம நடந்துச்சுன்னா, இன்ன சாதியில பொறந்ததுக்காகவே 'எனக்கு இது கட்டாது'ன்னு சொல்ல முடியாத ரெண்டு பொம்பளைங்க அதுக்கு உழைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

அடுத்து துணி. பொறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பழசுதான் போடணும்னு ஒரு பழக்கம் உண்டு. பல வருஷம் துவைச்ச நூல் புடவை மாதிரி மெத்துன்னு எந்தக் கடைத் துணியும் இருக்காது. வேட்டியைக் கிழிச்சா இடுப்புத்துணி, புடவையை விட்டத்துல கட்டினா தூளி. எங்க பக்கம் ஏணைன்னும் சொல்வாங்க. காசு இல்லைதான். ஆனா ஐப்பசி கார்த்திகை அடைமழையில பிள்ளை பெத்த வீட்டை நினைச்சுப் பாருங்க. நாளைக்குப் பத்துப் பன்னெண்டு துணி நனையும், வெயில் கிடையாது. தணல்ல சாம்பிராணி போட்டு, மேல கூடையைக் கவுத்து, அது மேல துணியைப் போட்டுக் காயவைப்பாங்க. அந்தக் கூடைக்குப் பக்கத்துலயே குத்துக்கால் போட்டு ஒரு அப்பாயியோ அம்மாயியோ உக்காந்திருப்பாங்க. அவங்களோட அந்த மூணு மாசத்துக்கு யாரும் விலை போடலை.

தலைப்பிரசவம் தாய்வீட்டோட பொறுப்பு. வளைகாப்பு முடிஞ்சு பொண்ணைக் கூட்டிட்டு வந்தா, பூண்டும் கருவாடும் போட்ட பத்தியச் சோறு, பிரசவ லேகியம், காப்பு, வெள்ளி அரைஞாண் கொடி எல்லாம் அவங்க தலையில. பிள்ளைக்கு உரைமருந்து: வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். உரைகல்லுல தாய்ப்பால் விட்டு உரசி நாக்குல தடவுவாங்க. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்'னே ஒரு பேரு உண்டு. இன்னைக்கு டாக்டருங்க ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்காதீங்கன்னு சொல்றாங்க. அதைக் கேக்குறதுதான் நல்லது.

இதுவரைக்கும் சொன்னது எல்லாமே உழைப்புல கட்டின செலவு. இன்னொரு விதமாவும் கட்டியிருக்காங்க. ஊர்ல வயசானவங்க பேரைக் கொஞ்சம் கவனிங்க. பிச்சை, குப்பை, பிச்சையம்மா, குப்பம்மா. வரிசையாப் பிள்ளைங்க செத்துப்போன வீட்டுல, அடுத்துப் பொறந்ததைக் குப்பைமேட்டுல போட்டு, வேற ஒருத்தரை எடுக்கச் சொல்லி, அவங்க கிட்ட தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவாங்க. 'தவிட்டுக்கு வாங்கின புள்ள'ன்னு அதைச் சொல்றது. இது ஒண்ணுக்கும் ஆகாத பிள்ளைன்னு எமன் நினைச்சு விட்டுட்டுப் போகட்டுமேன்னு ஒரு தவிப்பு. எட்டுப் பெத்தாங்கன்னு பெருமையாச் சொல்றோம். எட்டுல எத்தனை தங்குச்சுன்னு கேட்டா திண்ணை அமைதியாயிடும்.

கொடி அறுத்தது கதிர் அறுக்குற அரிவாள்லயும், வீட்டுல கிடந்த பிளேடுலயும். அது வழியா ரணஜன்னி வந்துச்சு. நல்லாப் பால் குடிச்சிட்டிருந்த பிள்ளை சில நாள்ல வாய் திறக்க முடியாம விறைச்சுப் போயிடும். காத்துக் கருப்புன்னு சொல்லி அடக்கம் பண்ணினாங்க. இதை நிறுத்தினது எந்த மந்திரமும் இல்ல. கர்ப்பிணிக்குப் போட்ட தடுப்பூசியும், சுத்தமான கொடி அறுப்பும், ஆஸ்பத்திரிப் பிரசவமும்தான். 2015-ல இந்தியாவுல பச்சிளம் பிள்ளைக்கு வர்ற ரணஜன்னி ஒழிக்கப்பட்டதா உலக சுகாதார நிறுவனம் சொன்னுச்சு. அதாவது எந்த மாவட்டத்துலயும் ஆயிரம் பிறப்புக்கு ஒண்ணுக்கும் கீழ. தமிழ்நாட்டுல 1971-ல ஆயிரம் பிள்ளை பொறந்தா 113 ஒரு வயசுக்குள்ள செத்துச்சு. 2020-ல அது 13. நடுவுல இருக்கிற அந்த நூறு பிள்ளைங்க, பழைய கணக்குல நாம எழுதாம விட்ட செலவு.

இப்படித்தான் செலவுல ஒரு பங்கு அரசாங்கத்து கைக்குப் போச்சு. ஆரம்ப சுகாதார நிலையம், கிராம செவிலியர், 1985-லேர்ந்து எல்லாருக்கும் தடுப்பூசித் திட்டம், 2008-லேர்ந்து 108 வண்டி. 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சு டாக்டரான முத்துலெட்சுமி ரெட்டி பேருல 1987-ல மகப்பேறு நிதியுதவி வந்துச்சு. 2006-ல 6,000 ரூபாய், 2011-ல 12,000, 2018-லேர்ந்து 18,000. அதுல 14,000 பணமா வரும், 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். 2015-ல அரசு ஆஸ்பத்திரியில பொறக்குற பிள்ளைக்கு ஒரு பெட்டகம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 16 பொருள், மதிப்பு 1,000 ரூபாய். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை, நகவெட்டி, தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம். எனக்கு அதுல பிடிச்சது நகவெட்டிதான். அதுவரைக்கும் அப்பாயிங்க பல்லாலதானே கடிச்சு எடுத்தாங்க!

இன்னொரு பங்கு கடைக்குப் போச்சு. முதல்ல வந்தது கிரைப் வாட்டர். 1851-ல இங்கிலாந்துல நாட்டிங்காம் ஊர்ல உட்வர்ட்ங்கிறவர் ஆரம்பிச்சது, நம்ம ஊர்ப் பெட்டிக்கடை வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் பால்பவுடர் டின். எருமைப்பால்லேர்ந்து குழந்தை உணவு செய்யுற முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடிச்சது, அமுல் அதைத் தயாரிச்சுச்சு. அந்த டின்னுல மிளகாய்ப்பொடி போட்டு வைக்காத வீடு உண்டா? ஆனா காசில்லாத வீட்டுல ஒரு டின்னு நாலு வாரம் வரணும்னு பவுடரைக் குறைச்சுத் தண்ணியைக் கூட்டினாங்க. பிள்ளை வயிறு நிறையும், உடம்பு தேறாது. தண்ணி கெட்டிருந்தா வயித்தாலடியும் சேர்ந்துக்கும். 1992-ல சட்டம் போட்டு, பால்பவுடருக்கு விளம்பரம் கூடாது, டின்னுல குழந்தை படம் கூடாதுன்னு நிறுத்தினாங்க.

இப்ப டயப்பர். 1961-ல அமெரிக்காவுல பாம்பர்ஸ் விற்பனைக்கு வந்தப்போ அதோட பேரே நம்ம ஊருக்குத் தெரியாது. இன்னைக்கு எங்க ஊர் மளிகைக்கடையில ஷாம்பு பாக்கெட் பக்கத்துல சரமாத் தொங்குது. ஒண்ணு 10 ரூபாய், நாளைக்கு 6-ன்னு வச்சுக்கிட்டாலும் மாசம் 1,800 ரூபாய். 2025-26-க்கு நூறு நாள் வேலைக்கு அறிவிச்ச கூலி நாளைக்கு 336. அஞ்சு நாள் உழைப்புக்கு மேல டயப்பருக்கே போயிடும். 2025 செப்டம்பர்ல டயப்பருக்கும் பால் புட்டிக்கும் ஜி.எஸ்.டி.யை 12-லேர்ந்து 5 சதவீதமாக் குறைச்சாங்க, சந்தோஷம். ஆனா போட்டுக் கழட்டினதை எங்க போடுறது? வாய்க்கால் மதகுல வந்து அடைச்சு நிக்குது. மண்வெட்டியால இழுத்துப் போடுற எங்களுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

அதுக்காக டயப்பர் வாங்குறவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். கூடை பக்கத்துல உக்கார அப்பாயி இல்லாத வீட்டுல, அப்பாயியோட வேலையைத்தான் அவங்க காசு கொடுத்து வாங்குறாங்க. இதுவரைக்கும் இனாமா இருந்த வேலைக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்.

வீடு, அரசாங்கம், கடை மூணும் ஏத்துக்காத செலவு ஒண்ணு பாக்கி இருக்கு. பிள்ளை பெத்தவளோட கூலி. எங்க பக்கம் நடவுக்கு வர்ற பொம்பளைங்க, பிள்ளையை வாய்க்கால் கரை வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டுச் சேத்துல இறங்குவாங்க. தூளியை ஆட்ட ஏழெட்டு வயசு அக்காக்காரி ஒருத்தி இருப்பா. தம்பி வளர்ந்தது அவ பள்ளிக்கூடத்தை விலையாக் கொடுத்துத்தான். ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கன்னு எல்லாச் சுவத்துலயும் எழுதியிருக்கு. தாய்ப்பால் இனாம்தான். அதைக் கொடுக்கத் தாய் வீட்டுல இருக்கணுமே?

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலேர்ந்து பிரசவ விடுப்பு ஒரு வருஷம், சம்பளத்தோட. 2017-லேர்ந்து சட்டப்படி பெரிய கம்பெனியில வேலை பார்க்குறவங்களுக்கு 26 வாரம். ரெண்டுமே நியாயம். நடவுக்காரிக்கு? கையில வர்ற 14,000 ரூபாயை 336 ரூபாய்க் கூலியால வகுத்துப் பாருங்க, 42 நாள்கூட முழுசா வரலை. அதுலதான் டயப்பர், வைத்தியம், ஆட்டோ எல்லாம். அவளுக்கு முதலாளி ஒருத்தர் கிடையாது. இன்னைக்கு என் வயல், நாளைக்குப் பக்கத்து வயல். அதனால யாரும் பொறுப்பு இல்லன்னு ஆகிப்போச்சு.

பழைய களத்துல அநியாயம் நிறைய இருந்துச்சு. ஆனா ஊர்ல வேலை செஞ்சவங்களுக்கு ஊரே சேர்ந்து பங்கு ஒதுக்கணும்னு ஒரு ஏற்பாடு அதுல இருந்துச்சு. அந்த ஒண்ணை மட்டும் சாதியை விட்டுப் பிரிச்சு எடுத்துக்க முடியும்னு நினைக்கிறேன். நாங்க நாலஞ்சு விவசாயிங்க இதைப் பத்திப் பேசிட்டிருக்கோம். நடவுக் குழுவுல ஒரு பொண்ணு பிள்ளை பெத்தா, அந்தப் போகத்துக் கூலியில ஒரு பங்கை எல்லாருமாப் போட்டுக் கொடுக்குறதுன்னு. இன்னும் முடிவாகலை, யாரு எவ்வளவுங்கிறதுலதான் இழுத்துக்கிட்டு இருக்கு.

படிக்கிற பட்டணத்து நண்பர்களுக்கும் இதே கணக்கு உண்டு. உங்க வீட்டுல பாத்திரம் துலக்குற அக்கா பிள்ளை பெத்தா எத்தனை மாசச் சம்பளம் கொடுப்பீங்க? அடுத்த தடவை ஊருக்கு வர்றப்போ சொல்லுங்க, திண்ணையில பேசுவோம்.