ஒரு கரண்டி, இரு காலம்

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்து (1760–1820) ஆங்கிலேய வெள்ளிக் கரண்டிகள் பல அணியேதுமற்றவை. விக்டோரியா அரசியார் காலத்தில் மக்களின் சுவை மாறிற்று. வெள்ளி வேலையாளர் அப்பழங்கரண்டிகளை மீண்டும் கையிலெடுத்தனர். கரண்டிக் குழியில் பழங்களும் இலைகளும் புடைத்தெழத் தட்டினர். காம்பில் கொடி செதுக்கினர். குழியின் உட்புறத்தில் பொன்முலாம் பூசினர். இவற்றைப் 'பெர்ரிக் கரண்டி' என்பர். குழம்பு அள்ளிய கரண்டி, பழம் பரிமாறும் அழகுப்பொருளாயிற்று!

ஆயினும் காம்பின் பின்புறத்து முத்திரைகள் எஞ்சின. வரி செலுத்தியமைக்கு அடையாளமாக 1784 முதல் 1890 வரை அரசர் தலை பொறிக்கப்பட்டது. முத்திரையை மட்டும் நோக்குவோர், வேலைப்பாட்டையும் ஜார்ஜ் காலத்ததென மயங்குவர். பழமையைச் சிதைத்த செயல் இஃதென்று பழிப்பாரும் உளர். அதனை நான் முற்றும் மறுக்கேன். ஆனால், வழக்கொழிந்த வெள்ளிக்கு அக்காலத்தில் உலையே பெரும்பாலும் புகலிடமாயிருந்தது.