ஆற்று மீனும் ஆலைக் கழிவும்

ஜொகூர்த் தோட்டப்புறங்களில் விராலும் கெளுத்தியும் ஒருகாலத்தில் தொழிலாளர் குடும்பத்தின் விலையில்லா உணவாக விளங்கின. ஆயின், ரப்பர் ஆலைகளும் செம்பனை ஆலைகளும் தம் கழிவை ஆற்றிலே கலந்தன. அக்கழிவு நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கவே, மீன்கள் மடிந்து மிதந்தன. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ், 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன.

மடிந்து மிதக்கும் மீனை எவரும் உண்ணார். உயிருடன் துள்ளும் மீனிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதே கவலைக்குரியது. 1956இல் ஜப்பானின் மினமாத்தாவில் வெளிப்பட்ட பாதரச நோய் இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியது. அது கடல்மீனால் விளைந்ததெனினும், ஆற்றுக்கும் அவ்விதியே பொருந்தும். சிறுமீனை விழுங்கும் விரால் போன்ற மீன்களில் பாதரசம் மிகுதியாகச் சேரும். கொதிக்கவைத்தாலும் அது நீங்காது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் பாதிப்புற்றனர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அன்று நெடி மக்களை எச்சரித்தது. மீனின் தசையில் தங்கும் பாதரசமோ நெடியாலும் சுவையாலும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆதலின், தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஆற்றில் பிடித்த மீனை, சோதனையின்றி உண்ணாதிருத்தலே அறிவுடைமை. அச்சோதனையை முறையாக நடத்தி, முடிவை மக்களுக்கு அறிவித்தல் அரசின் கடமையாகும்.