பூட்டான் புகையிலைக்குப் போட்ட பூட்டு

2011 ஜனவரி. பூட்டானில் 23 வயசு புத்த பிக்கு ஒருத்தரை போலீஸ் பிடிக்கிறாங்க. அவர்கிட்ட இருந்தது 72 பாக்கெட் மெல்லும் புகையிலை. நம்ம காசுக்குச் சுமார் 120 ரூபாய்தான் பெறும். மார்ச்சில் தீர்ப்பு வந்தது: மூணு வருஷம் சிறை.

"என் உடம்பு, என் இஷ்டம்"னு ஒரு பக்கம். "மக்கள் ஆரோக்கியம் அரசாங்கத்தோட பொறுப்பு"ன்னு இன்னொரு பக்கம். டீக்கடையில் நாம பேசித் தீராத இந்த வாதத்தை ஒரு நாடு பதினாறு வருஷம் நிஜமாவே நடத்திப் பார்த்தது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

2004 டிசம்பர் 17. நாடு முழுக்கப் புகையிலை விற்பனைக்குத் தடை போட்டது பூட்டான். நவீன காலத்தில் இப்படிச் செஞ்ச முதல் நாடு அதுதான். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. தடை விற்பனைக்குத்தான். சொந்த உபயோகத்துக்கு, வரி கட்டி, குறிப்பிட்ட அளவு வெளியில இருந்து கொண்டு வரலாம். ஆனா 2010-ல் வந்த சட்டம் பிடியை இறுக்கிடுச்சு. அனுமதிச்ச அளவைத் தாண்டி, வரி கட்டின ரசீதும் இல்லாம வெச்சிருந்தா அது கடத்தல் குற்றம். அந்த பிக்கு மாட்டினது இதுலதான்.

இப்போ மேப்பை எடுத்துப் பாருங்க. பூட்டானோட எல்லை ஊர் புன்ட்ஷோலிங். பக்கத்துலயே மேற்கு வங்காளத்தோட ஜெய்கான். அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் பெட்டிக்கடையில் சரம் சரமா தொங்குது. என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது: ஒரு வழியை பிளாக் பண்ணா, தேவை இருக்கிறவங்க வேற வழி கண்டுபிடிப்பாங்க. 2013-ல் பூட்டானில் 13 முதல் 15 வயசு மாணவர்கள்கிட்ட எடுத்த ஆய்வுல, சுமார் 30 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தறதா தெரிஞ்சது. தடை வந்து ஒன்பது வருஷம் ஆன பிறகு!

பூட்டானில் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்ததே 2008-லதான். பிக்குவுக்குக் கிடைச்ச தண்டனையைப் பார்த்து இளைஞர்கள் ஃபேஸ்புக்கில் திரண்டாங்க. அந்தப் புது ஜனநாயகத்துல அது பெரிய சத்தம். 2012-ல் சட்டத்தைத் திருத்தி, அனுமதி அளவைக் கூட்டி, தண்டனையைக் குறைச்சாங்க.

அப்புறம் கொரோனா. எல்லையை மூடினதும் கள்ளச் சந்தையில் விலை எகிறுது, கடத்தலும் நிக்கல. எல்லை தாண்டி வர்றவங்க வைரஸையும் கொண்டு வந்துட்டா? அந்தப் பயத்துல 2020 ஆகஸ்டில் அரசோட வரியில்லாக் கடைகளிலேயே புகையிலை விற்க ஆரம்பிச்சாங்க. 2021-ல் சட்டமே மாறிச்சு. மக்கள் ஆரோக்கியத்துக்காகப் போட்ட பூட்டை, மக்கள் ஆரோக்கியத்துக்காகவே திறக்க வேண்டியதாப் போச்சு.

அப்போ "இஷ்டம்" கட்சி ஜெயிச்சிடுச்சா? நான் அப்படிப் பார்க்கல. நிகோடின் ஆளைப் பிடிச்சுக்கிற பொருள். பெரும்பாலானவங்க பழகுறது டீன் ஏஜ்ல. அந்த வயசுல ஒட்டின பழக்கத்தை முப்பது வயசுல "என் தேர்வு"ன்னு சொல்றது பாதி உண்மைதான். அரசாங்கம் தலையிடத்தான் வேணும். பூட்டானிலும் பொது இடத்துல புகைக்கத் தடை, விளம்பரத் தடை எல்லாம் இன்னும் இருக்கு.

கேள்வி, அந்தக் கை யார் கழுத்தைப் பிடிக்குது என்பதுதான். 120 ரூபாய் சரக்கு வெச்சிருந்தவர் ஜெயிலுக்குப் போனார். அதைத் தயாரிச்சு லாபம் பார்த்தவங்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. அடிமையானவருக்குத் தேவை, விட்டு வெளியே வர ஒரு உதவி. கிடைச்சது சிறை.

2019-ல் நம்ம நாட்டுலயும் இ-சிகரெட் விற்பனைக்குத் தடை வந்தது. அதைப் பத்தி ஃபிரெண்ட்ஸ் கூடப் பேசும்போது "தடை சரியா தப்பா"ன்னு மட்டும் நிறுத்திடாதீங்க. அந்தத் தடையில் மாட்டுறது யாருன்னும் கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.