சைக்கமோரும் நம்ம அத்தியும்

ராயக்கோட்டையில் புது வீடு கட்டும் நண்பர் கேட்டார்: "முன்னாடி சைக்கமோர் வைக்கலாமா?"

எந்த சைக்கமோர்? இங்கிலாந்தில் அது மேப்பிள் இனம். அமெரிக்காவில் பிளேன் மரம். 1792 மே மாதம் நியூயார்க் பங்குத் தரகர்கள் 24 பேர் ஒப்பந்தம் போட்டது அதன் நிழலில் என்பார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1791-ல் பிடித்த ராயக்கோட்டையை ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை வழியே கம்பெனி சொந்தமாக்கியது.

பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல் குறித்ததோ ஒரு அத்தி மரத்தை. எகிப்தியர் அதன் காயைக் கீறிப் பழுக்க வைத்தார்கள். சவப்பெட்டியும் அதில் செய்தார்கள். நம்மூர் அத்தி அதன் பங்காளி. 1979-க்குப் பின் 2019-ல் குளத்திலிருந்து எழுந்தருளிய காஞ்சி அத்தி வரதர் இந்த மரம்தான். சோழர் சூடிய ஆத்தி வேறு, குழப்பிக்க வேண்டாம்.

அத்தி வேர் ஈரம் தேடி ஓடும். ஓடைக்கரை, கிணற்றடி சரி. சுவரோரம், தொட்டியோரம் ஆகாது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டால் பிழைச்சுக்கும்.

நண்பர் மனையின் பின்மூலையில், தூர்ந்த கிணற்றருகே, பெரிய அத்தி ஒன்று ஏற்கெனவே நிக்குது. காம்பவுண்டுக்காக வெட்ட ஆள் சொல்லியிருந்தாராம். அந்தப் பக்கம் மட்டும் கம்பிவேலி போடச் சொன்னேன். யோசிக்கிறேன்னார்.