சோற்றுக்கு முன் தராசு

பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவதில் தமிழ்நாடு யாருக்கும் சளைத்ததில்லை. 1956இல் காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவைப் பரவலாக்கியது. ஆனால் கெடுதி பள்ளி வயதுக்கு முன்பே நடந்துவிடுகிறது. தாய்ப்பால் மட்டும் போதாமல் போகும் ஆறாம் மாதம் முதல் மூன்று வயதுவரை குழந்தை சவலையாகிறது. அந்த வயதில் பள்ளிப் பந்திக்கு யார் தூக்கிவருவார்கள்?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கி, பத்தாண்டுக்குள் மாநிலத்தின் ஊரக ஒன்றியங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பரவியது.

அதன் நடைமுறை புதிது. எல்லாருக்கும் எந்நாளும் உணவு என்பதில்லை. மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார்கள். கோடு மேலேறாமல் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துமாவு உருண்டை. அதற்குள் அரைக் கிலோ கூடினால் உணவு நிற்கும். கூடாவிட்டால் சுகாதாரப் பணியாளர் பார்ப்பார். கண்ணுக்குக் குழந்தை நன்றாகத்தான் தெரியும். எலும்பு துருத்தும்வரை காத்திராமல், எடை தடைபட்ட மாதமே பிடித்தார்கள். திட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

பணியாளர் தேர்வும் சிந்தித்துச் செய்தது. அதே ஊர்ப் பெண்ணாக இருக்கவேண்டும். வசதி குறைந்தும் தன் பிள்ளைகளை ஆரோக்கியமாக வளர்த்தவராக இருந்தால் முன்னுரிமை. அவர் சொன்னால் அண்டை வீட்டுத் தாய் கேட்பாள். கஞ்சியும் பருப்பும் எப்போது தொடங்குவது, வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கொடுப்பது என்பதெல்லாம் வீட்டு வாசலிலேயே பேசப்பட்டன.

கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடு கூறியது. மிதமான குறைவில் அத்தகைய வெற்றி இல்லை. மருத்துவத் துறையோடு இணைப்பும் தளர்வாகவே இருந்தது. இரண்டாம் கட்டம் 1990இல் தொடங்கி 1997இல் முடிந்தது. பிறகு பணி அங்கன்வாடிகளோடு கலந்தது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தது. அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். அட்டையில் கோடு ஏறுகிறதா என்று கேளுங்கள்.